நான்காவது குண்டு ஏன் சிக்குகிறது?

பென்சில்வேனியாவில் வசிக்கும் என் அக்கா மகன், பழைய முறையில் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் ரைபிள் ஒன்றை வாங்கி, ஞாயிறுதோறும் குறி சுட்டுப் பழகி வருகிறான். சென்ற மாதம் அழைத்தபோது, "மாமா, முதல் மூணு குண்டும் வழுக்கிக்கிட்டு இறங்குது, நாலாவது பாதிக் குழல்லயே நின்னுருது. இன்னும் கெட்டியா எண்ணெய் போடணுமோ?" என்று கேட்டான். வாடிப்பட்டிக்கு வடக்கே சிறுமலை அடிவாரத்தில் கடலைக் காட்டைப் பன்றியிடமிருந்து காத்த எங்கள் ஐயாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்ததும், அதைத் துடைக்கும் வேலை சிறுவயதில் எனக்கு வாய்த்ததும் அவனுக்குத் தெரியும்.

ஐயாவின் துப்பாக்கிக் குழல் உள்ளே வழவழப்பானது. மருந்து, தேங்காய் நார், ஈய ரவை, மறுபடியும் நார் என்று போட்டு இடித்தால் வேலை முடிந்தது. ரைபிளின் குழலுக்குள்ளோ திருகாக ஓடும் பள்ளங்கள் உண்டு. உருண்டைக் குண்டின் ஈயம் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்குவதில்லை. குண்டைச் சுற்றிய எண்ணெய்த் துணித் துண்டுதான் பள்ளத்தைப் பற்றிக்கொண்டு குண்டையும் சேர்த்துச் சுழற்றுகிறது. அவனுடைய குழலின் உள்விட்டம் 12.7 மி.மீ., குண்டு 12.45 மி.மீ. ஆகச் சுற்றிலும் எஞ்சும் இடைவெளி ஏறத்தாழ 0.125 மி.மீ.; அதற்குள் 0.38 மி.மீ. கனமுள்ள பருத்தித் துணி நெரிந்து நுழைய வேண்டும். இந்த நெருக்கத்தில் காகிதக் கனத்துக்குக் கசடு படிந்தாலும் குண்டுக்கு வழி இல்லை.

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் குழலில் ஒட்டும். அதிலுள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுப்பவை. ஈரமான நாளில் கசடு மை போல இளகிக் கிடக்கும்; வறண்ட நாளில் தோசைக்கல்லில் தீய்ந்த மாவாக இறுகும். ஐப்பசியில் ஐந்தாறு வேட்டு வரை துடைக்காமல் சுடும் ஐயா, சித்திரை வெயிலில் இரண்டு வேட்டுக்கு ஒருமுறை ஈரத்துணியைக் கம்பியில் சுற்றி விடுவார்.

ஆகவே துணியில் தடவும் பசைக்கு வழுக்குவதைவிடப் பெரிய வேலை, கசடை இறுகவிடாமல் வைத்திருப்பது. மருமகன் தடவியது வண்டிக்குப் போடும் எண்ணெய். பெட்ரோலிய எண்ணெய் இந்தக் கசடோடு கூடினால் தாராகிவிடும் என்பதால், இன்னும் கெட்டியானதை அவன் தேடியது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிய கதைதான். தேன்மெழுகோடு கலந்த மாட்டுக்கொழுப்பு, ஆலிவ் எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் ஆகும். உடனே சுடுவதானால் எச்சிலே போதும். தாமதித்தால் மருந்து நனையும், அல்லது துணி காயும். ஒவ்வொரு வேட்டுக்கும் பின் லேசாக ஈரமான துணியை ஒருமுறை விட்டெடுக்கச் சொன்னேன். சொட்டச் சொட்ட நனைத்தால் கசடெல்லாம் குழலின் அடியில் போய்ச் சேரும்.

நின்ற குண்டை அப்படியே விட்டுச் சுடவே கூடாது என்பதை இரண்டு முறை சொன்னேன். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும். குண்டு மருந்தின்மேல் அமர்ந்ததா என்று பார்க்க, குண்டை இடித்து இறக்கும் கம்பியில் ஒரு கோடு கிழித்துக்கொள்வது அதற்காகத்தான்.

இந்தச் சிக்கல் படைகளுக்கும் இருந்தது. 1800ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைபிளோடு, குண்டைத் தட்டி இறக்கத் தொடக்கத்தில் மரச்சுத்தியலும் கொடுத்தார்கள். 1857 கிளர்ச்சிப் பாடத்தில் எந்த மிருகத்தின் கொழுப்பு என்று மனப்பாடம் செய்த எங்கள் வகுப்பில், என்ஃபீல்டு ரைபிள் தோட்டாவின் தாளில் கொழுப்பு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே துணிக்குப் பதில் தாள். குண்டு இறங்கவும் கசடு இளகவும்தான் அந்தக் கொழுப்பு. அப்படியும் சிக்கியதால், பின்னர் குண்டின் விட்டத்தையே 0.568 அங்குலத்திலிருந்து 0.550க்குக் குறைத்தார்கள்.

போன ஞாயிறு பத்து குண்டு சுட்டுவிட்டு, தரையில் பொறுக்கிய துணித் துண்டுகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஒன்பதில் நடுவே கரிய வட்டம், இழை குலையவில்லை. பத்தாவதில் கத்தியால் கீறியது போல ஒரு வெட்டு. குழல்வாயின் விளிம்பில் கூர்மை ஏதும் தட்டுகிறதா என்று விரல்நுனியால் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.