ஐரோப்பிய வரவு செலவுத் திட்டத்தில் ஒரு திருத்தத்தைக் கரைசேர்த்த அனுபவம்

ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பிரஸ்ஸல்ஸ் அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தபோது, 2025ஆம் ஆண்டுக்கான ஐரோப்பிய ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் அவர் முன்மொழிய விரும்பிய திருத்தங்களை எழுதுவதும், அவற்றுக்கு ஆதரவு திரட்டுவதும், வாக்கெடுப்பு முடியும்வரை பின்தொடர்வதும் என் பொறுப்பாக இருந்தன. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு தொகையை மாற்றி எழுதும் வேலையாகத் தோன்றலாம். அந்தத் தொகையைத் தீர்மானிக்க எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அது எங்கிருந்து வரும், யார் பெயரில் தாக்கலாகும், எத்தனை வாக்குகள் தேவைப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதிலேயே அந்தப் பருவம் முழுவதும் கழிந்தது.

எங்கள் உறுப்பினர் எடுத்துக்கொண்டது எராஸ்மஸ் பிளஸ் கல்விப் பரிமாற்றத் திட்டம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டுமல்லாமல், தொழிற்பயிற்சி பெறுவோருக்கும் அது வேறொரு உறுப்பு நாட்டில் பயிலும் வாய்ப்பைத் தருகிறது. வீட்டு வாடகை உயர்ந்துவிட்ட நகரங்களில், வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை போதாமல் போகிறது. அவர்களுக்கான கூடுதல் ஆதரவை வலுப்படுத்த வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதில் எனக்கும் முழு நம்பிக்கை இருந்தது.

ஆனால் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட வரைவைப் படித்தபோது, எங்கள் கோரிக்கை கல்வியைப் பற்றியது மட்டுமல்ல என்பது தெளிவாயிற்று. பெருந்தொற்றுக்குப் பின் ஒன்றியம் பொதுவாகக் கடன் வாங்கி உருவாக்கிய மீட்பு நிதிக்கான வட்டி, முதலில் கணித்ததைவிட ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்திருந்தது. அந்த வட்டியும் எராஸ்மஸ் பிளஸும் பல்லாண்டு நிதிச் சட்டகத்தின் ஒரே உட்பிரிவில் அமைந்திருக்கின்றன. 2021 முதல் 2027 வரையிலான அந்தச் சட்டகம் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் உச்சவரம்பை விதிப்பதால், வட்டி ஏறும்போது அதே கூரையின்கீழ் இருக்கும் மாணவர் திட்டத்துக்கான இடம் குறைகிறது. உறுப்பு நாடுகளின் அரசுகளைப் பிரதிநிதிக்கும் அமைச்சர்கள் மன்றம், எதிர்பாராத தேவைகளுக்கு இடம் வேண்டும் என்று கூறி, ஆணையத்தின் வரைவிலிருந்து சுமார் 150 கோடி யூரோவைக் குறைக்க முன்மொழிந்தது. குறைக்கப்பட்ட திட்டங்களில் ஆராய்ச்சிக்கான ஹொரைசன் யூரோப்பும் எராஸ்மஸ் பிளஸும் இருந்தன. கடன் வாங்கும் முடிவில் எந்தப் பங்கும் இல்லாத இளைஞர்கள் அதன் வட்டிச் சுமையைத் தங்கள் கல்வி வாய்ப்பால் ஈடுகட்ட நேர்வது நியாயமல்ல என்று அப்போதும் கருதினேன், இப்போதும் கருதுகிறேன்.

ஆகவே எங்கள் திருத்தம் இரண்டு படிகளைக் கொண்டதாயிற்று: முதலில் மன்றத்தின் வெட்டை நீக்கி வரைவுத் தொகையை மீட்பது, பிறகு அதற்கு மேல் ஓர் உயர்வைக் கோருவது. ஒவ்வொரு கணக்குத் தலைப்பிலும் இரண்டு எண்கள் உண்டு. அந்த ஆண்டில் ஒன்றியம் எவ்வளவு தொகைக்கு ஒப்பந்தப் பொறுப்பு ஏற்கலாம் என்பது ஒன்று; அதே ஆண்டில் உண்மையில் எவ்வளவு பணம் செலுத்தலாம் என்பது மற்றொன்று. முதல் எண்ணை மட்டும் உயர்த்திவிட்டால் அறிவிப்பு பெரிதாகத் தெரியும், ஆனால் பணம் செலுத்தும் நிலை வரும்போது நெருக்கடி ஏற்படும். இரண்டையும் பொருந்தும் விகிதத்தில் உயர்த்த வேண்டியிருந்தது. வரவும் செலவும் சமநிலையில் இருக்க வேண்டும் என்ற கொள்கையைத் திருத்தங்களும் மதிக்க வேண்டும் என்பதால், உயர்வுக்கான பணம் உச்சவரம்புக்குக் கீழே மீந்திருக்கும் இடைவெளியிலிருந்து வருமா, சிறப்பு நெகிழ்வு நிதிகளிலிருந்து வருமா என்பதற்கும் பதில் தயாராக இருக்க வேண்டியிருந்தது.

நான் மிகுந்த கவனத்தைச் செலுத்தியது குறிப்புரையில்தான். ஒவ்வொரு கணக்குத் தலைப்பின் கீழும், அந்தப் பணம் எதற்குரியது என்பதை விளக்கும் ஒரு பத்தி இருக்கும். நாடாளுமன்றம் எண்களைத் திருத்துவதைப் போலவே அந்தப் பத்தியையும் திருத்தலாம். ஆனால் எந்தத் திருத்தமும் அத்திட்டத்தை உருவாக்கிய சட்டத்தின் எல்லையை மாற்றவோ விரிவாக்கவோ முடியாது. எராஸ்மஸ் பிளஸுக்கான 2021ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே, குறைந்த வாய்ப்புகளை உடையோரைச் சேர்த்துக்கொள்ளும் கடமை எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கடமையை ஒட்டி, கூடுதல் தொகையின் போதிய பகுதி அவர்களுடைய பயண, தங்குமிடச் செலவுகளுக்குப் பயன்பட வேண்டும் என்ற ஒரே வாக்கியத்தை எழுதினோம். அதைச் சட்டம் அறிந்த சக ஊழியர்களிடம் காட்டிப் பலமுறை செப்பம் செய்தேன். எண் ஆண்டுதோறும் மாறிவிடும். நன்றாக எழுதப்பட்ட குறிப்புரை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நீடித்து நிற்கக்கூடும்.

இதே உறுப்பினர் தொழிற்பயிற்சி தொடர்பாக ஒரு முன்னோடித் திட்டத்தையும் முன்மொழிய விரும்பினார். தனிச் சட்டம் இல்லாமலேயே ஒரு புதிய எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நிதி விதிகள் இடமளிக்கின்றன. அத்தகைய திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிதி ஒதுக்க முடியாது. ஓர் ஆண்டில் எல்லா முன்னோடித் திட்டங்களுக்கும் சேர்த்து 4 கோடி யூரோதான் வரம்பு. பதினெட்டு வயது இளைஞர்களுக்கு ரயில் பயணச்சீட்டு வழங்கும் டிஸ்கவர்இயூ கூட, 2018இல் 1.2 கோடி யூரோவுடன் ஓர் ஆயத்த நடவடிக்கையாக, அதாவது நிரந்தரத் திட்டத்துக்கு வழி செய்யும் தற்காலிக முயற்சியாகத் தொடங்கி, 2021 முதல் எராஸ்மஸ் பிளஸின் பகுதியானது. எங்கள் முன்மொழிவை ஆராய்ந்த ஆணையம், நடப்புத் திட்டங்களே இத்தேவையை நிறைவேற்றுகின்றன என்று மதிப்பிட்டது. அந்த மதிப்பீடு நியாயமாகவே இருந்ததால், அதை விலக்கிவிட்டு முழு முயற்சியையும் முதன்மைத் திருத்தத்தில் செலுத்தினோம்.

அடுத்தது கையெழுத்துகள். முழு அவையில் ஒரு வரவு செலவுத் திருத்தத்தைத் தாக்கல் செய்ய நாடாளுமன்றத்தின் துறைசார் குழு ஒன்றோ, ஓர் அரசியல் அணியோ, மொத்த உறுப்பினர்களில் இருபதில் ஒரு பங்கினரோ முன்வர வேண்டும். 720 பேர் கொண்ட அவையில் அது 36 பேர். எங்கள் உறுப்பினர் கல்வி, பண்பாட்டுக் குழுவில் இருந்ததால், அந்தக் குழுவின் வழியாகவே செல்வதென முடிவு செய்தோம். குழுவில் பல உறுப்பினர்கள் ஏறத்தாழ இதே கோரிக்கையை வெவ்வேறு தொகைகளுடன் வைத்திருந்தார்கள். உதவியாளர்கள் ஒன்றாக அமர்ந்து, தொகைகளை இணைத்து, எங்கள் குறிப்புரை வாக்கியத்தைப் பொதுவான வரைவில் சேர்த்தோம். அதற்கு விலையாக, எங்கள் உறுப்பினரின் பெயர் திருத்தத்தின் தலைப்பிலிருந்து நீங்கியது. அவர் சற்றும் தயங்காமல் இதற்கு ஒப்புக்கொண்டார் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

குழுவின் திருத்தங்கள் பின்னர் வரவு செலவுக் குழுவுக்குச் சென்றன. அங்கு வரவு செலவுத் திட்டத்தின் ஆணையப் பிரிவுக்கான அறிக்கையாளராக, அதாவது அதைக் குறித்த நாடாளுமன்ற நிலைப்பாட்டை வரைந்து முன்னெடுக்கும் உறுப்பினராக, ருமேனியாவின் விக்டர் நெக்ரெஸ்கு இருந்தார். ஒரு துறையின் கோரிக்கை மற்றத் துறைகளின் கோரிக்கைகளோடு எடைபோடப்படுவது அந்தக் குழுவில்தான். மனிதநேய உதவி, ஆராய்ச்சி, எல்லைப் பாதுகாப்பு எல்லாமே அதே பணத்தை நோக்கி நின்றன. மன்றத்தின் வெட்டுகளை நீக்குவதில் பெரும்பான்மை அணிகளிடையே கருத்தொற்றுமை இருந்தது எங்களுக்குப் பெரும் பலமாயிற்று.

2024 அக்டோபர் 23 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் முழு அவை வாக்களித்தது. ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் உடன்படிக்கைக்குப் பிந்தைய விதிகளின்படி, மன்றத்தின் நிலைப்பாடு கிடைத்த 42 நாட்களுக்குள் நாடாளுமன்றம் திருத்தங்களை நிறைவேற்ற வேண்டும். அதற்கு வந்திருப்போரின் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது 361 வாக்குகள் வேண்டும். எங்கள் திருத்தம் அடங்கிய தொகுப்பு அந்த எல்லையைத் தாண்டியது. அதன் பிறகு, திருத்தங்களோடு இணைந்த அரசியல் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. வெளி எல்லைகளில் தடுப்புகள் அமைக்க ஒன்றியப் பணத்தை அளிப்பது பற்றிய திருத்தங்கள் ஏற்கப்பட்டதே அணிகள் பிளவுபடக் காரணமாயிற்று. தீர்மானம் இல்லாமல் பேச்சுவார்த்தையே நின்றுவிடுமோ என்ற அச்சம் பலரிடம் இருந்தது. ஆனால் எண்களும் குறிப்புரைகளும் தனியாக நிறைவேறியிருந்ததால், நாடாளுமன்றமும் மன்றமும் உடன்பாடு தேடும் சமரசக் குழு கூடுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சமரசக் குழுவுக்கு 21 நாட்கள் உண்டு. உடன்பாடு எட்டாமலே புதிய ஆண்டு பிறந்தால், ஒன்றியம் மாதந்தோறும் முந்தைய ஆண்டின் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொண்டே இயங்க வேண்டிவரும். இந்தக் கட்டத்தில் உதவியாளர்களுக்குப் பேச்சு மேசையில் இடமில்லை. எங்கள் தலைப்பைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பை நாடாளுமன்றத் தரப்பினருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். நவம்பர் 16 அன்று உடன்பாடு எட்டப்பட்டது: பொறுப்பேற்புக்கு ஏறத்தாழ 19,940 கோடி யூரோ, செலுத்துகைக்கு ஏறத்தாழ 15,520 கோடி யூரோ. ஆணையத்தின் வரைவுக்கு மேல் நாடாளுமன்றத்தின் முன்னுரிமைகளுக்காக ஏறத்தாழ 23 கோடி யூரோ கூடுதலாகக் கிடைத்தது. எராஸ்மஸ் பிளஸ் மீதான மன்றத்தின் வெட்டு நிலைக்கவில்லை. நாங்கள் கோரிய உயர்வு முழுமையாகக் கிடைக்கவில்லை.

நவம்பர் 27 அன்று நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தபின், அதன் தலைவர் ரொபெர்ட்டா மெட்சோலா கையெழுத்திட்டார். வட்டியும் மாணவர் திட்டமும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஏற்பாட்டை ஓர் ஆண்டுத் திருத்தத்தால் மாற்ற முடியாது. அது பல்லாண்டு நிதிச் சட்டகத்தை மாற்றினால் மட்டுமே தீரும் என்பதால், எங்கள் உறுப்பினர் தம் கோப்பை 2028இல் தொடங்கும் அடுத்த சட்டகம் பற்றிய விவாதத்துக்கு நகர்த்தினார்.