பேரேட்டுப் பக்க எண்

2016-ல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பெங்களூரில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊர் திரும்பியிருந்த நேரம். கையில் ஒரு லேப்டாப், மண்டைக்குள் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ் மீது மோகம்.

கொலுசு வியாபாரத்தில் பணக்கணக்கைவிட வெள்ளிக்கணக்குதான் பெரிது. கடைக்காரர் கட்டி வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுப்பார். அது சிவதாபுரத்திலோ பனங்காட்டிலோ உருகி, கம்பியாகி, சலங்கை கோத்து, மெருகேறித் திரும்பி வரும். போன எடை, வந்த எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), சேதாரம், கூலி எல்லாம் பட்டறைவாரியாக நிற்க வேண்டும். மாதக் கடைசியில் கடையில் இருப்பதும் பட்டறைகளில் இருப்பதும் கூட்டினால் மொத்த வெள்ளி வந்தாக வேண்டும். வராவிட்டால் அன்று யாரும் நேரத்துக்குச் சாப்பிடப் போக மாட்டார்கள்.

நான் போட்ட திட்டம் எளிமையானது. ஒரு ஆர்டருக்கு ஒரு டாக்குமெண்ட், அதாவது மோங்கோவில் ஒரு பதிவு. அதற்குள்ளேயே பட்டறைக்காரர் பெயர், ஊர், போன் நம்பர், டிசைன், எடை, கூலி. ஒரே தடவையில் முழு ஆர்டரும் கைக்கு வந்துவிடும். நாலு டேபிளை இணைத்துக்கொண்டிருக்க வேண்டாம். டிசைன் விஷயத்தில் இது நிஜமாகவே சுகமாக இருந்தது. ஒரு கொலுசுக்குச் சலங்கை எண்ணிக்கை வேண்டும், இன்னொன்றுக்கு எனாமல் நிறம், குழந்தைக் கொலுசுக்கு வயது, சிலதுக்குத் திருகின் வகை. எதற்கு எது உண்டோ அதை மட்டும் எழுதினால் போதும். முதலாளிக்கும் திருப்தி.

ஆறாவது மாதம் ஒரு பட்டறைக்காரர் இடம் மாறினார். போன் நம்பரும் மாறியது. மாற்றலாம் என்று பார்த்தால், அவருடைய விவரம் முந்நூற்றுச் சொச்சம் ஆர்டர்களுக்குள் உட்கார்ந்திருந்தது. சிலதில் இனிஷியல் முன்னால், சிலதில் பின்னால், சிலதில் இனிஷியலே இல்லை. திருத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பாதி ஆர்டர்கள் அதற்குச் சிக்கவில்லை.

கடையின் கணக்குப்பிள்ளைக்கு அப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "எதுக்குங்க தம்பி ஒருத்தரு பேரை முந்நூறு எடத்துல எழுதி வெச்சிருக்கீங்க?" என்றார். சிவப்புத் துணி அட்டை போட்ட இரண்டு நோட்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்று தினமும் எழுதும் குறிப்பேடு, மற்றது பேரேடு. பேரேட்டில் ஒரு பட்டறைக்கு ஒரு பக்கம். பெயர், ஊர், போன் எல்லாம் அந்தப் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு தடவை. குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் ஒரு சின்ன எண்: பேரேட்டுப் பக்க எண். "ஊரு மாறினா இங்க ஒரு அடி அடிச்சு எழுதினா முடிஞ்சுதுங்களே."

ஒரு டேபிளின் பதிவு இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் எண்ணைக் காலேஜில் ஃபாரின் கீ என்று மனப்பாடம் செய்து பதிமூன்று மார்க் வாங்கியது எனக்கு நினைவு வந்தது. எட்கர் காட் 1970-ல் ஐபிஎம்மில் இருந்தபடி, தரவை டேபிள்களாக அடுக்கும் உறவுமுறைத் தரவு மாதிரியை எழுதினார். அதைப் பல தடவை படித்திருக்கிறேன். ஒரு உண்மை ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும், மற்ற இடங்கள் அதைச் சுட்டட்டும் என்ற பாதி விஷயம் எனக்கு உறைத்தது என்னவோ அந்தச் சிவப்பு நோட்டில்தான்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் அவரே காட்டினார். வாடிக்கையாளருக்குப் போட்ட பில்லில் பக்க எண் மட்டும் போட்டால் ஆகாது. அன்றைய வெள்ளி விலை, அன்றைய முகவரி இரண்டும் அந்தத் தாளிலேயே உறைந்து நிற்க வேண்டும். நாளைக்கு விலை மாறினால் நேற்றைய பில் மாறிவிடக் கூடாது. ஆக, இரண்டு தடவை எழுதுவதே தப்பு என்றும் இல்லை.

அடி விழுந்தது அடுத்த மாத முடிவில். மொத்தத்தில் 640 கிராம் வெள்ளியைக் காணோம். இரண்டு நாள் யாரும் யார் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு பட்டறைப் பையனைச் சந்தேகப்பட்டுப் பேச்சுகூட எழுந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது.

500 கிராம் முதலில் கிடைத்தது. வெள்ளி கொடுக்கும்போது என் நிரல் கடை இருப்பில் கழித்துவிட்டு, பிறகு பட்டறைப் பற்றில் எழுதும். இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. கழித்தது நின்றது, ஏற்றியது இல்லை. அன்றைய மோங்கோ ஒரு டாக்குமெண்டுக்குள் நடப்பதற்குத்தான் உத்தரவாதம் தந்தது. பல டாக்குமெண்டுகளைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக எழுதும் வசதி 2018-ல் 4.0 பதிப்பில்தான் வந்தது. கொடுக்கலை ஒரே டாக்குமெண்டாக வடிவமைத்திருந்தால் அப்போதே தப்பித்திருப்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோங்கோவைத் திட்டுவது சுலபம், வடிவமைத்தது நான்.

மீதி 140 கிராம்தான் என்னை உண்மையில் படுத்தியது. பட்டறைக்குப் போய்வரும் பையனுக்காகப் போனில் ஒரு படிவம் செய்து கொடுத்திருந்தேன். அது எடையை எண்ணாக அனுப்பாமல் எழுத்தாக அனுப்பியது. கடை இருப்பில் கழிக்கும்போது எண்ணாக்கிய நான், பட்டறைப் பற்றில் அப்படியே விட்டுவிட்டேன். மோங்கோவின் கூட்டல் எண் அல்லாததைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். 50, 50, 40 என்று மூன்று பதிவுகள் திரையில் பளிச்சென்று தெரிகின்றன, கூட்டலில் மட்டும் இல்லை. வடிவம் முன்கூட்டித் தேவையில்லை என்று நான் பெருமையடித்ததன் அர்த்தம் அன்று புரிந்தது: வடிவம் எங்கும் போய்விடவில்லை, டேட்டாபேஸிலிருந்து என் தலைக்கு மாறியிருந்தது. அங்கே அது மறந்துபோயிற்று.

வெள்ளி நடமாட்டத்தை, டேபிள்களாக அடுக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு மாற்றினேன். பட்டறைக்கு ஒரு டேபிள், கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு டேபிள், எடைக் கட்டத்தில் எண் தவிர வேறெதுவும் நுழையாது, இல்லாத பட்டறையின் எண்ணைப் போட்டால் பதிவே ஏறாது. உற்சாகத்தில் டிசைன்களையும் டேபிளாக்கினேன். நாற்பது கட்டங்கள், ஒரு கொலுசுக்கு ஆறு நிரம்பும், மற்றதெல்லாம் காலி. புது டிசைன் வரும்போதெல்லாம் ஒரு கட்டம் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிப் போன். இரண்டு மாதத்தில் சலித்து, டிசைன் விவரத்தை மட்டும் ஒரே ஜேசன்பி கட்டத்துக்குள் போட்டேன்; எதற்கு எது உண்டோ அதை மட்டும் எழுத விடும் கட்டம் அது. போஸ்ட்கிரஸில் அது 2014-லிருந்தே இருக்கிறது. ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேபிள் பழசு, நோஎஸ்கியூஎல் (மோங்கோ மாதிரி டேபிளில் அடுக்காத டேட்டாபேஸ்கள்) புதுசு என்று இன்றும் இன்டர்வியூவுக்கு வரும் பிள்ளைகள் சொல்கிறார்கள். காட் எழுதுவதற்கு முன்பே ஐபிஎம்மின் ஐஎம்எஸ் என்ற டேட்டாபேஸ், அப்பல்லோ ராக்கெட்டின் பாகங்கள் பட்டியலை மரம்போலக் கிளை கிளையாக அடுக்கியது. நோஎஸ்கியூஎல் என்ற பெயரை 1998-ல் கார்லோ ஸ்ட்ரோஸி வைத்ததோ, டேபிள்களிடம் விவரம் கேட்கும் எஸ்கியூஎல் மொழி இல்லாத ஒரு உறவுமுறை டேட்டாபேஸுக்கு! இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை, போனில் தேடிப் பார்க்கிறார்கள்.

அந்தக் கடையில் இன்னும் அந்த மென்பொருள் ஓடுகிறது. கணக்குப்பிள்ளை பேரேட்டையும் விடவில்லை. மாதம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிடுகிறோம். ஒவ்வொரு பட்டறையோடும் வாயால் பேசி முடித்த சேதாரத்தை அவர் பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பார், அடிக்கடி அழித்தும் எழுதுவார். அதற்காகவும் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். இதுவரை அவர் அதில் ஒரு எழுத்தும் போட்டதில்லை.