பிரவுசர் புதுப்பித்ததும் பழைய தமிழ்த் தளங்கள் ஏன் குழம்புகின்றன, எப்படிப் படிப்பது?

பிரவுசரைப் புதுப்பித்ததும், அதுவரை ஒழுங்காகத் தெரிந்த பழைய தமிழ்ப் பக்கம் கிறுக்கலாகத் தெரிகிறது என்றால், "முந்தைய பதிப்புக்கே போய்விடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகள் நிறைந்த பிரவுசரோடு வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் திறப்பது ஆபத்து. பக்கமும் கெட்டுப்போய்விடவில்லை. சர்வரில் இருக்கும் பைட்டுகள் ஏற்றிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன. அவற்றைத் தமிழாகக் காட்ட உதவிய வசதிகளைத்தான் பிரவுசர்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன. எது போனது என்று தெரிந்துகொண்டால் படிப்பதற்கு வழி கிடைத்துவிடும்.

எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுத்துவைக்கும் முறைதான் குறியேற்றம். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்ப் பக்கங்கள் திஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல குறியேற்றங்களில் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை உத்தி ஒன்றே: ஆங்கிலக் குறியீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் தமிழ் வடிவம் வரைந்த எழுத்துருவைப் போட்டுக் காட்டுவது. "தமிழ்" என்ற சொல் திஸ்கியில் 190, 193, 162, 250 என்ற நான்கு பைட்டுகள். திஸ்கி எழுத்துரு இருந்தால் அவை த, ம, இகரக் கொக்கி, ழ் என்று தெரியும். எழுத்துரு இல்லாவிட்டால் முக்கால் குறி (¾), தலையில் கோடு போட்ட பெரிய 'ஏ', சென்ட் குறி (¢), தலையில் கோடு போட்ட சின்ன 'யு' என்று தெரியும். பாமினியில் அதே சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி.

ஆகவே முதலில் திரையில் தெரியும் குப்பையை உற்றுப் பாருங்கள். நோய் எது என்று அதுவே சொல்லிவிடும். கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் குறியேற்றம் சரி, எழுத்துருதான் இல்லை. வெறும் ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி வகை. இலங்கைத் தளங்களில் இது அதிகம். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரிசையாக வந்தால், பழைய பைட்டுகளை யுடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) என்று எண்ணிப் பிரவுசர் படிக்கிறது. வெற்றுப் பெட்டிகள் வந்தால், "பயனர் வரையறுத்த" குறியேற்றம் என்று பக்கம் தன்னை அறிவித்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட பக்கத்தில் 128-க்கு மேற்பட்ட பைட்டுகளை இன்றைய பிரவுசர்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதிக்குத் தள்ளிவிடும். பழைய எழுத்துருவில் அந்த இடம் காலி. இன்னொன்று: ® குறி அடிக்கு அடி வந்தால் அது பழைய குறியேற்றமே இல்லை. ஒழுங்கான யூனிகோடு பக்கத்தை ஆங்கிலக் குறியேற்றமாகப் பிரவுசர் படிக்கிறது. யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டு; நிறைய எழுத்துகளுக்கு நடு பைட்டு ® குறிக்கு உரியது.

முன்பு இப்படி நேர்ந்தால் "வியூ" மெனுவில் குறியேற்றத்தை மாற்றினால் போதும். குரோம் அந்த மெனுவை 2016 இறுதியில் எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2021-இல் அந்தப் பட்டியலை நீக்கி, "எழுத்துக் குறியேற்றத்தைச் சரிசெய்" என்ற பொருளில் ஒற்றைக் கட்டளை மட்டும் வைத்தது. ® நோய்க்கு அது சில சமயம் பலிக்கும். திஸ்கியை அது அறியாது.

பலரும் தடுமாறும் இடம் எழுத்துரு. "எழுத்துருவை நிறுவியிருக்கிறேன், வேர்டில் தெரிகிறது, பிரவுசரில் மட்டும் தெரியவில்லை" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் தனியுரிமைப் பாதுகாப்பு. நம் கணினியில் என்னென்ன எழுத்துருக்கள் இருக்கின்றன என்ற பட்டியலை வைத்தே விளம்பர நிறுவனங்கள் ஆளை அடையாளம் காண முடியும். அதைத் தடுக்க, 2018-இல் வந்த சஃபாரி 12 முதல், மேக்கில் நாமாக நிறுவிய எழுத்துருக்களை இணையப் பக்கங்களுக்குக் காட்டுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 118-இலிருந்து தனிப்பட்ட சாளரத்திலும் இதே கட்டுப்பாடு. எனவே மேக் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்துக்கு மட்டும் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸின் சாதாரணச் சாளரத்தையோ பயன்படுத்துங்கள்.

விண்டோஸில் செய்ய வேண்டியது: பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல்+யு அழுத்தி மூல நிரலில் "ஃபேஸ்" அல்லது "ஃபான்ட்-ஃபேமிலி" என்ற சொல்லைத் தேடுங்கள். அங்கே இருக்கும் பெயரும் நீங்கள் நிறுவும் எழுத்துருவின் உள்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கோப்பின் பெயரை மாற்றுவதால் பயனில்லை. உள்பெயரைப் பார்க்க எழுத்துருக் கோப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே இருக்கும். வலது கிளிக் செய்து "எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுத்து, பிரவுசரின் எல்லாச் சாளரங்களையும் மூடித் திறக்கவும். பக்கத்தில் எழுத்துருப் பெயரே இல்லையென்றால், குரோம் அமைப்புகளில் தோற்றம், எழுத்துருக்களைத் தனிப்பயனாக்கு என்று போய், நிலையான எழுத்துருவாக இணைமதி போன்ற ஒரு திஸ்கி எழுத்துருவைத் தற்காலிகமாக வைக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில், பக்கங்கள் தங்கள் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கும் பெட்டி எழுத்துரு அமைப்பின் "மேம்பட்ட" பகுதியில் உள்ளது. அதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எத்தனை எழுத்துரு நிறுவினாலும் வீண்.

எழுத்துருவைத் தானே இறக்கிக் காட்டிய தளங்களின் கதை வேறு. நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் 4-ஆம் பதிப்பு ஏற்ற பிஎஃப்ஆர் வகை எழுத்துரு, நெட்ஸ்கேப் 6-உடன் முடிந்தது. மைக்ரோசாப்டின் இஓடி வகையை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டுமே ஏற்றது. அந்தப் பிரவுசர் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றது. எட்ஜில் அமைப்புகள், இயல்புநிலை பிரவுசர் பகுதியில் எக்ஸ்ப்ளோரர் பயன்முறையை அனுமதித்து, தள முகவரியைச் சேர்த்தால் 30 நாளுக்கு அந்தத் தளம் பழையபடி திறக்கும். ஆனால் இஓடி கோப்புகள் பெரும்பாலும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். தளம் வேறு பெயருக்கு மாறியிருந்தால் அங்கேயும் தெரியாது.

சாதாரண டிடிஎஃப் எழுத்துருக் கோப்பை இணைத்த தளம் திடீரென உடைந்தால் எஃப்12 அழுத்தி, பிழைச் செய்திகள் வரும் கன்சோலைப் பாருங்கள். தளம் 'எச்டிடிபி'யோடு 'எஸ்' சேர்ந்த பாதுகாப்பான முகவரிக்கு மாறி, எழுத்துருவின் இணைப்பு மட்டும் 'எஸ்' இல்லாமல் இருந்தால் பிரவுசர் தடுத்துவிடும். எழுத்துரு வேறு டொமைனில் இருந்தால் அந்தச் சர்வர் வெளிப்படையாக அனுமதி சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் பழைய தமிழ் எழுத்துருக்களுக்கே உரிய தொல்லை: இறக்கும் எழுத்துருக்களைக் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் "ஓடிஎஸ்" என்ற சோதனைக்கு உட்படுத்துகின்றன. உள் அட்டவணைகள் பிழையாக இருந்தால் நிராகரித்துவிடும். அதே கோப்பைக் கணினியில் நிறுவினால் வேலை செய்வதால் ஆளைக் குழப்பும்.

போனில் இவற்றில் எதுவும் எளிதல்ல. பக்கத்தை யூனிகோடுக்கு மாற்றிப் படிப்பதே வழி. நிலையான தீர்வும் அதுதான். ஆனால் திரையிலிருந்து நகலெடுத்து, குறியேற்றம் மாற்றித் தரும் கருவியில் (மாற்றியில்) ஒட்டாதீர்கள். 160-ஆம் பைட்டு வெற்றிடமாகிவிடும். 173-ஆம் பைட்டு, கண்ணுக்குத் தெரியாத மென்கோடாகிவிடும். திஸ்கியின் முந்தைய பதிப்புகளில் 'இ' அங்கேதான் இருந்தது. இந்தத் தொல்லையால்தான் 1.7 பதிப்பில் 254-க்கு இடம்பெயர்ந்தது. பக்கத்தைச் சேமிக்கும்போது "முழுமையான பக்கம்" என்பதை விட்டு "எச்டிஎம்எல் மட்டும்" என்று சேமியுங்கள். மூல பைட்டுகள் அப்படியே கிடைக்கும். பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் பிரதியானால், முகவரியில் 14 இலக்கத் தேதிக்குப் பின் 'ஐ', 'டி' என்ற இரண்டு சின்ன ஆங்கில எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் சேர்த்தால் கருவிப்பட்டை ஒட்டாத மூலக் கோப்பு வரும்.

திஸ்கி கோப்பை லினக்ஸின் ஐகான்வ் கட்டளையே மாற்றித் தரும்: மூலம் திஸ்கி, இலக்கு யுடிஎஃப்-8. திஸ்கியில் கீழ்ப்பாதி ஆங்கிலமாகவே இருப்பதால் எச்டிஎம்எல் குறிகள் சேதமாகா. பாமினிக்கு அப்படிச் செய்யக் கூடாது. குறிகளும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழ்க் குழப்பமாகிவிடும். பாமினி எழுத்துரு குறித்த பகுதிகளை மட்டும் பிரித்து மாற்ற வேண்டும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் தொகுப்பில் இந்த எல்லா வகைக்கும் மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் பக்கத்தின் தலையில் உள்ள குறியேற்ற அறிவிப்பையும் யுடிஎஃப்-8 என்று திருத்தி, பழைய எழுத்துருப் பெயரை நீக்குங்கள்.

தளம் நடத்துபவர்களுக்கு: குறியேற்ற அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். சர்வர் அனுப்பும் தலைப்பில் வேறு குறியேற்றம் இருந்தால் அதுவே வெல்லும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் இயல்புநிலைக் குறியேற்றமாக யுடிஎஃப்-8 அமைத்த அன்றே பழைய பக்கங்கள் வைரக் குறிகளாகும். பழைய பக்கங்கள் இருக்கும் அடைவுக்கு மட்டும் அந்த அமைப்பை அணைத்துவையுங்கள். வைரமாகத் தெரியும் பக்கத்தை எடிட்டரில் திறந்து சேமித்துவிடாதீர்கள். வெவ்வேறு பைட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி வைரக் குறியாகவே பதிவாகும். பிறகு மீட்கவே முடியாது. தரவுத்தளத்தில் பழைய பைட்டுகள் ஆங்கில எழுத்துகள் என்ற கணக்கில் யுடிஎஃப்-8 ஆகியிருந்தால், முதலில் விண்டோஸ்-1252 என்ற பழைய ஆங்கிலக் குறியேற்றத்தின் பைட்டுகளாகத் திருப்பி, அதன் பிறகே திஸ்கியிலிருந்து மாற்ற வேண்டும்.

மாற்றி முடித்ததும் நான்கு இடங்களைச் சோதியுங்கள். 'இ'யில் தொடங்கும் சொற்கள். ஜ, ஷ, ஸ, ஹ வரும் சொற்கள்; இவை 128-லிருந்து 159 வரையுள்ள சிக்கலான பகுதியில் இருப்பவை. கொ, கோ போன்ற இரு பக்கக் குறிகள். பழையவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். கடைசியாக ஔகாரம்: "கெளரவம்" என்று ளகரம் போட்டு மாறியிருந்தால் கண்ணுக்குச் சரியாகவே தெரியும், ஆனால் "கௌரவம்" என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது.