பொங்கலன்று போட்ட தக்காளி

நாங்கள் டொரன்டோவில் வந்து இறங்கியது 2018 அக்டோபரில். ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். ஜன்னல் என்று ஒன்று இருந்தது, கூரையை ஒட்டி ஒரு அட்டைப்பெட்டி அகலத்துக்கு, பனி கொட்டினால் அதுவும் மூடிக்கொள்ளும். என் கணவர் காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார், எனக்கு இன்னும் வேலை அமையவில்லை. ஜனவரியில் மைனஸ் 20ஐத் தொட்ட நாட்கள் இருந்தன. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், கண்ணால்கூட மண்ணைப் பார்க்காமல் அத்தனை நாள் இருந்ததில்லை. பொங்கலன்று குக்கரில் பொங்கல் வைத்து முடித்துவிட்டு, தமிழ்க் கடையில் போன வருஷத்து மிச்சமாகக் கிடந்த விதைப் பாக்கெட்டுகளை எடுத்துவந்து, தக்காளி, மிளகாய், கத்தரி, புடலை, பாகல், வெண்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டேன். டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கோப்பைகள் 23. எண்ணிக்கை இன்றைக்கும் நினைவிருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போட்டதும் நான்தான்.

தக்காளி ஒரு வாரத்துக்குள் முளைத்துவிட்டது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன், அவ்வளவு பெருமை. பிப்ரவரி நடுவில் பார்த்தால் நூல் மாதிரி நீண்டு, எல்லாம் ஒரே பக்கமாக அந்த ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கின்றன. பாவமாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். அதுதான் பெரிய தப்பு. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு சுருங்கி, கறுத்து, ஒரு ராத்திரியில் பாதி மடங்கி விழுந்துவிட்டன. நாற்றழுகல். ஊரில் நாற்றங்காலில் நான் பார்த்த நோய்தான், ஆனால் பனி நாட்டில், வீட்டுக்குள்ளே, காபிக் கோப்பையில் அது வரும் என்று தோன்றவே இல்லை. காற்றோட்டம் இல்லாத குளிர்ந்த அறை, எப்போதும் ஈரமான மண், போதாத வெளிச்சம் என்று பூஞ்சைக்கு விருந்து வைத்திருந்தேன். மிளகாய் பிப்ரவரி கடைசி வரை தலையைக் காட்டவே இல்லை. புடலை மட்டும் நன்றாகத் தேறி, மார்ச்சில் ஜன்னல் திரைக் கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்கியது. அதற்குப் பந்தல் போட பேஸ்மென்டில் எங்கே போவது?

வீட்டுக்கார அன்ரி மேலே இருந்தார். யாழ்ப்பாணம், இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. வாஷிங் மெஷின் எங்கள் பக்கம் என்பதால் துணி போடக் கீழே வருவார். ஒருநாள் என் கோப்பைகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

“ஏன் பிள்ளை இப்பவே போட்டனீர்?”

வெளியே வைக்க இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டேன்.

“மே லோங் வீக்கெண்டுக்கு முன்னம் ஒண்டும் வெளியில வைக்கேலாது. அதுவரைக்கும் உதுகளை எங்க வைச்சுக் கட்டி அழப்போறீர்?”

மே லாங் வீக்கெண்ட் என்பது விக்டோரியா டே, மே 25க்கு முந்தைய திங்கள்கிழமை. அந்த வருஷம் மே 20. பொங்கலிலிருந்து எண்ணிப் பார்த்தேன், 125 நாள், ஏறக்குறைய 18 வாரம். தக்காளி நாற்றுக்கு வேண்டியது 6 முதல் 8 வாரம்தான். நான் இரண்டு மடங்குக்கு மேல் முந்திக்கொண்டிருந்தேன்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “இதுல என்ன கண்ணு புதுசு? ஆயுத பூசைக்குச் செண்டுமல்லி வெட்டோணும்னா, பூசை நாள்ல இருந்து பின்னாடி எண்ணித்தான நாத்து நடறோம்? அங்க பனி எப்ப நிக்கும்னு மொதல்ல கேளு, அங்கிருந்து எண்ணிக்கிட்டு வா.” நான் காய்கறி என்றால் பட்டம், அதாவது விதைக்கும் பருவம், பட்டம் என்றால் மழை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் மழையை எதிர்பார்த்து முன்னோக்கி விதைக்கிறோம். இங்கே கடைசி உறைபனியைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி வரவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டொரன்டோ பக்கம் கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதல் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் உறைபனி நின்றால் மட்டும் நம் செடிகளுக்குப் போதாது. கத்தரியும் மிளகாயும் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போனாலே முகம் சுருங்கி நின்றுவிடும், சாகாது, ஆனால் வளரவும் வளராது. அதனால்தான் இங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மே கடைசி வரை பொறுக்கிறார்கள். நான் பொறுக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் நல்ல வெயில், ஜாக்கெட் இல்லாமல் நடந்தோம், சரி இனிமேல் என்ன என்று புடலையையும் மிஞ்சிய தக்காளியில் நான்கையும் வெளியே வைத்தேன். மறுநாள் காலை வேகவைத்த கீரை மாதிரி கிடந்தன.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரே ஒரு பொங்கல் தக்காளி மிஞ்சியது. மே கடைசியில் அன்ரி பின்புறம் எனக்கு ஒரு பாத்தி விட்டுக்கொடுத்து, அவர் மார்ச் கடைசியில் போட்ட நாற்றில் இரண்டையும் கொடுத்தார். குட்டையாக, தண்டு பென்சில் தடிமனுக்கு, கரும்பச்சை. என்னுடையது முழங்கால் உயரம், வெளுத்து, குச்சி கட்டி நிறுத்தியது, கோப்பைக்குள் வேர் சுற்றிச் சுற்றிச் சுருண்டிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் நட்டேன். ஜூலை முதல் வாரத்திலேயே அவருடையது என்னுடையதைத் தாண்டிவிட்டது. பழமும் அதில்தான் முதலில். பத்து வாரம் சின்னச் செடி, முந்திக்கொண்டு. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான், ஸ்கார்பரோவுக்கு மட்டும் பொருந்தும், ஒட்டாவா, வின்னிபெக்கில் இருப்பவர்கள் இன்னும் தள்ளிக்கொள்ளுங்கள். பிப்ரவரி மூன்றாம் திங்கள் பேமிலி டே, அது கழிந்த பிறகு மிளகாய். மிளகாய் மெதுவாக வளர்வது, அதிலும் காந்தாரி மாதிரி சின்ன ரகங்கள் இன்னும் மெது, 10 முதல் 12 வாரம் கொடுக்கலாம். மார்ச் இரண்டாம் வாரம், அதாவது மாசி முடிவதற்குள், கத்தரி. பங்குனி நடுவில் தக்காளி. சித்திரைப் பிறப்பு கழிந்து ஒரு வாரம் போனதும் புடலை, பாகல், வெண்டை. இவை வேரைத் தொந்தரவு செய்வதைத் தாங்காது, 3, 4 வாரத்துக்கு மேல் கோப்பையில் இருக்கக் கூடாது, கோப்பையோடு கிழித்து அப்படியே இறக்க வேண்டும். பீன்ஸ், தண்டங்கீரை எல்லாம் மண் சூடான பிறகு நேரடியாக வெளியில்தான். “அட, மாசிப் பட்டம், பங்குனிப் பட்டம்னு நீயே ஒரு பட்டம் போட்டுட்டயே” என்று அப்பா சொன்னார்.

நாள் சரியாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் பெரும்பாலும் சூடு போதவில்லை என்று அர்த்தம். மண் 15 டிகிரியில் இருந்தால் மிளகாய் முளைக்க ஏறக்குறைய 25 நாள், 25 டிகிரியில் இருந்தால் 8 நாள் போதும். வீட்டு ஹீட்டர் 20, 21 என்று காட்டும், ஆனால் அது சுவரில் இருக்கும் கருவியின் சூடு, ஜன்னல் ஓரத்தில் ராத்திரி ஈர மண் எவ்வளவு குளிரும் என்று விரலை விட்டுப் பாருங்கள். இங்கே குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க ‘அவன்’ அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு வைப்போம் இல்லையா, நம்மவர் வீடுகளில் தெரியாதவர் கிடையாது. அதே இடம்தான் விதைக்கும். பாகல் விதையின் ஓட்டை நுனியில் நகவெட்டியால் லேசாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரமான டிஷ்யூவில் சுற்றி, ஜிப்லாக் பையில் போட்டு மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அருமையாக வேர் விட்டது. அன்று சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கணவர் ஃப்ரோஸன் பீட்ஸா வைக்க அவன் அடுப்பை 400 பாரன்ஹீட்டில் திருகிவிட்டார். நல்லவேளை, மாவைக் காலையிலேயே வெளியே எடுத்திருந்தேன். விதை பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கம்பியில் ஒட்டிக்கொண்டது, வீடு முழுக்க நாற்றம், புகை அலாரம் அலறி அன்ரி இறங்கி வந்தார். அன்றிலிருந்து அவன் அடுப்பின் குமிழில் “உள்ளே விதை” என்று ஒரு காகிதம் ஒட்டாமல் வைப்பதில்லை. அடுத்த வருஷம் விதைத் தட்டுக்கு அடியில் வைத்துச் சூடாக்கும் ஒரு ஹீட் மேட் வாங்கிவிட்டோம். முளை வந்ததும் மேட்டை எடுத்துவிட வேண்டும், அப்புறமும் சூட்டிலேயே வைத்தால் மறுபடி நூல் கதைதான்.

அடுத்தது வெளிச்சம். ஜனவரி நடுவில் இங்கே பகல் 9 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அதுவும் சூரியன் தாழ்வாகப் போய்விடுகிறது. ஜன்னலை நம்பக் கூடாது, தெற்குப் பார்த்த ஜன்னலாக இருந்தாலும் மார்ச் வரை அரைகுறைதான். கராஜில் மாட்டுகிற நாலடி எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும், இதற்கென்று ஊதா விளக்கெல்லாம் வேண்டாம். இலைக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தொங்கவிட்டு, டைமர் வைத்து ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டு, செடி வளர வளர விளக்கைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு சின்ன ஃபேனும் ஓடவிடுவேன், தண்டு உறுதியாகும், அழுகலும் குறையும். தண்ணீர் மேலிருந்து ஊற்றுவதை விட்டுவிட்டேன், தட்டில் ஊற்றினால் கீழிருந்து குடித்துக்கொள்ளும். மண் தோட்டத்து மண்ணாக இருக்கக் கூடாது. கடையில் செங்கல் மாதிரி அழுத்திய தேங்காய் நார்க்கழிவு கிடைக்கிறது, தண்ணீரில் போட்டால் பொங்கி ஒரு வாளி வரும். முதல் தடவை வாங்கிப் பார்த்தபோது உறையில் இந்தியத் தயாரிப்பு என்று இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் சாலையோரம் மலைமலையாகக் குவிந்து கிடக்கும், சின்ன வயதில் ஏறி விளையாடியிருக்கிறோம். அதைத்தான் இங்கே காசு கொடுத்துச் சுமந்து வந்தேன்.

2020இல் ஊரடங்கில் எல்லோரும் தோட்டக்காரர்கள் ஆகிவிட்டார்கள், விதை கிடைப்பதே பாடாக இருந்தது. அந்த மே 9ஆம் தேதி டொரன்டோவில் பனி விழுந்தது. முதல் வாரம் நல்ல வெயிலைப் பார்த்து நாற்றை நட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் காலையில் செருப்போடு ஓடிவந்து பாத்திமேல் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார். என் நாற்றெல்லாம் உள்ளே விளக்கின் கீழே. கொஞ்சம் அற்பமான சந்தோஷம்தான், மறைக்கவில்லை. அந்த நாற்றுகளை மே நடுவிலிருந்து பத்து நாள், முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று வெளியே கொண்டுபோய்க் கொண்டுவந்து பழக்கினேன். விளக்கில் வளர்ந்த இலை நேரடி வெயிலில் வெந்து வெள்ளையாகிவிடும். அலுப்பான வேலை, ஆனால் இதில் குறுக்குவழி கிடையாது.

எவ்வளவு சரியாக எண்ணினாலும் எட்டாதது ஒன்று உண்டு, அவரை. நாட்டு அவரை விதை போட்டேன், கொடி வேலியை மூடி அன்ரி வீட்டுத் துணிக்கொடி வரை போனது, ஒரு பூ இல்லை. உரம் போதவில்லை என்று நினைத்து அதையும் இதையும் போட்டேன். பிறகுதான் புரிந்தது, அது பகல் குறுகினால்தான் பூக்கிற ரகம். ஜூனில் இங்கே பகல் 15 மணி நேரத்துக்கும் மேல், நம் ஊரில் எந்த மாதத்திலும் 13ஐத் தாண்டுவதில்லை. செப்டம்பர் கடைசியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, அக்டோபரில் உறைபனி வந்து ஒரே ராத்திரியில் முடிந்தது. ஒரு பொரியலுக்குக்கூடத் தேறவில்லை. அதை மாசியில் போட்டாலும் தையில் போட்டாலும் ஒன்றுதான். இப்போது சீக்கிரம் பூக்கும் ரகம் என்று கேட்டு வாங்குகிறேன்.

இப்போது ஜனவரி கடைசி. வெளியே மைனஸ் 14, கை அரிக்கிறது, விதைப் பெட்டியை நேற்று மட்டும் இரண்டு தடவை திறந்து மூடினேன். இந்த அரிப்புக்கு நான் கண்டுபிடித்த மருந்து வெந்தயம். கோழி வாங்கிய பிளாஸ்டிக் தட்டில் நார்க்கழிவைப் பரப்பி, ஊறவைத்த வெந்தயத்தைத் தூவி, விளக்கின் கீழே வைத்துவிட்டால் இரண்டு வாரத்தில் வெட்டிப் பருப்பில் போடலாம், மே மாதத்தைப் பற்றி அது கவலைப்படாது. மிளகாய்க்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கணவர் சமையலறையிலிருந்து கேட்கிறார், அவன் அடுப்புக்குள் இருப்பது மாவா விதையா என்று.