சும்மா உட்கார்ந்திருக்கும் எலி

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள், எலி ஓடுகிற வரை, அதன் மூளையின் மின்துடிப்பைக் காட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். அது நின்றதும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். நான் விடுவதில்லை. "உட்காருப்பா, இனிமேதான் இருக்கு" என்பேன்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓடுகிற எலியின் ஹிப்போகேம்பஸ், அதாவது மூளையில் நினைவுக்கும் இடமறிவதற்கும் உதவும் பகுதி, அத்தனை அழகு. நொடிக்கு ஏழெட்டு முறை ஏறியிறங்கும் தீட்டா அலை. கூடவே, பாதையின் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு நியூரான், அதாவது நரம்புச் செல், குரல் கொடுக்கும். ஸ்பீக்கரில் கேட்டால், எலி குறிப்பிட்ட ஒரு திருப்பத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் படபடவென்று பொரியும். லண்டனில் ஜான் ஓ'கீஃப் 1971-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது; 2014-இல் நோபல் பரிசில் அவருக்குப் பாதி கிடைத்தது.

தீனியைக் கொறித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு எலி சும்மா உட்காரும்போது தீட்டா கலைந்துபோகும். திரையில் உருப்படியாக ஒன்றும் தெரியாது. அப்புறம் திடீரென்று ஒரு கூர்மையான அலை, அதோடு சேர்ந்து நொடிக்கு 150 முதல் 200 தடவை அதிரும் சிறு நடுக்கம். ஸ்பீக்கரில் 'ப்ர்ர்' என்று கேட்பதற்குள் முடிந்துவிடும். இதைத்தான் ரிப்பிள் என்கிறோம். பெரும்பாலும் பத்தில் ஒரு நொடிகூட நீடிக்காத இந்தச் சமாச்சாரத்தில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது.

அதைப் பிடிப்பது கைவேலை. தலைமுடியைவிட மெல்லிய நான்கு கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, சூடுகாட்டி ஒட்டவைத்து, நுனியில் தங்கமுலாம் பூசினால் ஒரு டெட்ரோட். எலியின் தலையில் பொருத்திய சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அதை உள்ளே இறக்க வேண்டும். அவசரப்பட்டால் திசு நசுங்கும். திருப்பிவிட்டு மறுநாள் வரை விடுவோம். இடத்தை நெருங்கும்போது ரிப்பிள் பெரிதாகிக்கொண்டே வரும்; அதுதான் வழிகாட்டி. ஆய்வு முடிந்ததும் எலியைக் கருணைக்கொலை செய்து, மூளையைச் சீவல்களாக வெட்டி, கம்பி நின்ற இடத்தை மைக்ரோஸ்கோப்பில் சரிபார்ப்போம். அதற்குப் பழகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மாணவர்கள் தலையில் கட்டுவதுமில்லை.

பெங்களூரில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் ஒரு இரைச்சல், லிஃப்ட் ஏறினால் இன்னொன்று. அதையெல்லாம் வடிகட்டிவிடலாம். தொல்லை எலியின் தாடைதான். அது எதையாவது மென்றால், தசையின் மின்துடிப்பு ரிப்பிள் இருக்கும் அதே அலைவரிசையில் வந்து விழும். மூளையின் வேறு பகுதியில் இருக்கும் கம்பியிலும் அதே நடுக்கம் தெரிந்தால் அது தாடை. இந்தச் சோதனையைச் செய்யாத கட்டுரை மதிப்பீட்டுக்கு வந்தால் மேற்கொண்டு படிக்க எனக்குக் கை வராது.

இவ்வளவு பாடு எதற்கு? ஓடும்போது சேர்ந்து இயங்கிய செல்கள், பிறகு வரும் தூக்கத்திலும் சேர்ந்து இயங்குகின்றன என்று வில்சன், மெக்னாட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள். 2006-இல் இன்னொரு திருப்பம்: ஓடி முடித்து விழித்தபடி நிற்கும் எலியின் செல்கள், ரிப்பிள் எழும் நேரத்தில், வந்த பாதையைப் பின்னிருந்து முன்னாக, பல மடங்கு வேகத்தில் ஓட்டிப்பார்க்கின்றன. 2009-இல் பாரிஸில், பயிற்சிக்குப் பிந்தைய தூக்கத்தில் ரிப்பிள் எழும்போதெல்லாம் சிறு மின்தூண்டலால் அதைக் கலைத்தார்கள். அந்த எலிகள் பாதையைக் கற்பதில் பின்தங்கின. அதே தூண்டலை ரிப்பிள் இல்லாத நேரத்தில் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை.

'எலி கனவு காண்கிறது' என்று பத்திரிகைகள் தலைப்புப் போடும்போது எரிச்சல்தான் வருகிறது. நாங்கள் கண்டதெல்லாம் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துடித்த ஒரு வரிசை. அது தற்செயலா என்று பார்க்க, அதே துடிப்புகளைக் கணினியில் கலைத்துப்போட்டு ஒப்பிடுவோம். எப்படிக் கலைப்பது என்பதில்தான் எங்கள் துறையில் சண்டை. அதனால் முகங்கொடுத்துப் பேசாதவர்களும் உண்டு.

என் மாணவி ஒருத்தி இப்போது மனிதர்களின் பதிவுகளைப் பார்க்கிறாள். வலிப்பு நோய்க்கு அறுவை செய்யும் முன், நோயின் இடத்தைக் கண்டுபிடிக்கச் சிலருக்கு மூளைக்குள் மின்முனை வைப்பதுண்டு. அதிலும் ரிப்பிள் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், நோயுற்ற திசுவும் வேகமாக அதிர்கிறது. நொடிக்கு 250-க்கு மேல் போனால் சந்தேகப்படலாம் என்கிறார்கள்; அதற்குக் கீழே இரண்டும் கலந்தே கிடக்கின்றன, அலைவரிசையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியவில்லை. "அலையோட வடிவத்தை வெச்சுப் பிரிக்கலாம் சார்" என்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை, செல்களின் துடிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஆஸ்பத்திரியில் வைக்கும் சாதாரண மின்முனை தனித்தனிச் செல்களைப் பிடிக்காது என்பது அவளுடைய பதில். அதில் அவள் சொல்வது சரிதான்.