1975: யார் கண்ட்ரி, யார் இல்லை

ஐம்பது வயது முடிந்ததும் சிலர் மாரத்தான் ஓடுகிறார்கள், சிலர் திருவண்ணாமலை கிரிவலம் போகிறார்கள். நான் பிறந்த வருடமான 1975ல் அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடும் கண்ட்ரி (அந்த ஊர்க் கிராமத்து இசை) பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகளை வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். நாமக்கல்காரனுக்கு இது ஏன் என்று கேட்டால், டல்லாஸ் பக்கத்தில் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற ஆபீஸில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். டிரைவருக்குப் போன் போட்டால் பின்னால் இந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது.

அந்த வருடம் முதலிடத்துக்கு வந்தவை நாற்பதுக்கும் மேல். பெரும்பாலானவை ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடும். உண்மையைச் சொன்னால் பாதிப் பாட்டுகளில் வயலினும் கோரஸும் பாகு மாதிரி வழிகிறது. கான்வே ட்விட்டியின் ரசிகர்கள் மன்னிக்கவும். ஆனால் மீதிப் பாதிக்குள் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கிறது. எது கண்ட்ரி, யார் கண்ட்ரிக்காரன், அதைச் சொல்ல யாருக்கு உரிமை என்ற சண்டை. கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சிக்கு அந்த வருடம்தான் ஐம்பதாவது ஆண்டு. ஐம்பது வருடம் ஓடிய பிறகும் இது தீரவில்லை!

சண்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த நாள் 1975 அக்டோபர் 13. கண்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் விருது விழா, டிவியில் நேரடி ஒளிபரப்பு. போன வருடம் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருது வாங்கிய சார்லி ரிச், இந்த வருடத்து ஆளை அறிவிக்க மேடைக்கு வருகிறார். நடை கொஞ்சம் தள்ளாடுகிறது. உறையைப் பிரித்துப் பெயரைப் பார்க்கிறார். பையிலிருந்து லைட்டரை எடுத்து அந்தத் தாளுக்குத் தீ வைக்கிறார். எரிகிற தாளைக் கையில் பிடித்துக்கொண்டே, தன் நண்பர் ஜான் டென்வர் என்று அறிவிக்கிறார். டென்வர் அப்போது ஆஸ்திரேலியாவில். இங்கே தாள் எரிந்தது தெரியாமல், சாட்டிலைட் வழியாகச் சிரித்த முகத்தோடு நன்றி சொல்கிறார்.

வலி மாத்திரையும் ஜின்னும் சேர்ந்த வேலை என்று பிறகு சொன்னார்கள். சும்மா தமாஷுக்குச் செய்தார் என்கிறது ரிச்சின் குடும்பம். இருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பார்த்தவர்கள் பலர் எடுத்துக்கொண்ட அர்த்தம் ஒன்றுதான்: கொலராடோ மலையைப் பற்றி மென்மையாகப் பாடுகிற இந்தக் கண்ணாடிக்காரப் பையன் நம்ம ஆள் இல்லை.

இதற்கு முந்தைய வருடமே புகைச்சல் இருந்தது. 1974ல் சிறந்த பாடகி விருது ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குப் போனது. பொறுக்க முடியாமல் நாஷ்வில் பாடகர்கள் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதியின் வீட்டில் கூடித் தனிச் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருடம் அந்தத் தம்பதியே விவாகரத்து வாங்கிக்கொண்டது வேறு கதை.

எனக்குச் சிரிப்பு வந்தது எங்கே என்றால், தீ வைத்த ஆளைப் பற்றிப் படித்தபோது. சார்லி ரிச் அர்கன்சாஸ்காரர்தான், ஆனால் ஜாஸ் பிரியர். மெம்ஃபிஸின் சன் ரெக்கார்ட்ஸில் பியானோ வாசித்தவர். அவரைப் பெரிய ஆளாக்கிய 1973ஆம் வருடத்துப் பாட்டு, பில்லி ஷெரில் என்ற தயாரிப்பாளர் வயலின், கோரஸ் எல்லாம் சேர்த்து வழுவழுவென்று மெருகேற்றியது. சுத்தக் கண்ட்ரி என்று தராசு பிடித்தால் ரிச்சின் தட்டும் மேலேதான் போகும். டென்வரோ அந்த வருடம் 'தேங்க் காட் ஐ'ம் எ கண்ட்ரி பாய்' பாட்டால் கண்ட்ரி, பாப் இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடித்தார். பால்டிமோர் பேஸ்பால் மைதானத்தில் ஏழாவது இன்னிங்ஸ் இடைவெளியில் 1975ல் போட ஆரம்பித்தார்கள், இன்னும் போடுகிறார்கள்.

என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் லுபக் பக்கத்துப் பருத்திக் காட்டுக்காரர். 1975ல் அவர் இளவட்டம். டென்வரைப் பற்றிக் கேட்டேன். "சனிக்கிழமை டான்ஸ் ஹாலில் அந்தப் பாட்டைப் போட்டால் எல்லாரும் ஆடுவோம். விருது கொடுத்தால் திட்டுவோம்," என்றார்.

அந்த வருடத்தின் பெரிய ஆள் என்று நான் நினைப்பது வில்லி நெல்சனை. சுமார் பத்து வருடம் நாஷ்வில்லில் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். பாட்ஸி கிளைனின் 'கிரேசி' அவர் எழுதியதுதான். ஆனால் அவரே பாடினால் எடுபடவில்லை. தாளத்துக்கு முன்னேயும் பின்னேயும் நகர்ந்து பாடுகிற அந்தக் குரல், வயலின் பாகுக்குள் உட்காராது. 1970 கடைசியில் டென்னஸியில் வீடு எரிந்துபோனது. டெக்சஸுக்கே திரும்பி வந்து ஆஸ்டினில் குடியேறி, முடி வளர்த்து, ஹிப்பிப் பையன்களும் மாட்டுப்பண்ணைக்காரர்களும் ஒரே ஹாலில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி பாட ஆரம்பித்தார்.

1975 ஜனவரியில் கார்லண்டில் ஆட்டம் சவுண்ட் என்ற ஸ்டுடியோவில் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். கார்லண்ட் என்றால் டல்லாஸின் புறநகர், எங்கள் டிரைவர்கள் தினமும் லோடு இறக்குகிற இடம். கிடங்குகளும் டயர் கடைகளுமாக இருக்கும். நாஷ்வில்லில் இல்லை, ஆஸ்டினில்கூட இல்லை, அங்கேதான் அது நடந்தது என்பதில் எனக்கு ஊர்க்காரப் பெருமை. அக்கா பாபி பியானோ, மிக்கி ரஃபேல் ஹார்மோனிகா, வில்லியின் பழைய நைலான் நரம்பு கிட்டார், அதிகம் தட்டாத டிரம். சில நாள் வேலை, சில ஆயிரம் டாலர் செலவு. மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டுக் குதிரையில் அலைகிற ஒரு போதகரின் கதை. அந்தத் தலைப்புப் பாட்டை, வில்லி ஃபோர்ட் வொர்த்தில் வானொலி அறிவிப்பாளராக இருந்த காலத்தில் குழந்தைகளுக்காகப் போடுவாராம். கொலைகாரன் கதையைப் போட்டுக் குழந்தைகளைத் தூங்கவைத்த ஊர்.

கொலம்பியா கம்பெனி டேப்பைக் கேட்டுவிட்டு இது வெறும் முன்னோட்டப் பதிவு (டெமோ) என்று நினைத்தது. பாட்டு எங்கே, வாத்தியம் எங்கே என்றார்கள். நாஷ்வில்லில் கொலம்பியாவின் பெரிய தலை அதே பில்லி ஷெரில். ஆனால் எப்படிப் பதிவு செய்வது என்ற முடிவு வில்லியின் கையில் என்று ஒப்பந்தம் இருந்ததால் அப்படியே வெளியிட்டார்கள். 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் தி ரெயின்' அக்டோபரில் முதலிடம். பாடகராக அவருக்கு அதுதான் முதல் முதலிடம், அப்போது வயது 42. அந்தப் பாட்டும் புதிதல்ல. கண்ட்ரியின் பழைய ஜாம்பவான் ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டுகளை வெளியிட்ட ஃபிரெட் ரோஸ் 1940களில் எழுதியது. புதிய காற்று என்று எல்லோரும் சொன்னது முப்பது வருடப் பழைய பாட்டை. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அதைக் கேளுங்கள். ஒரு கிட்டார் நரம்பு அடங்கி முடிய விட்டுத்தான் அடுத்த வரிக்கு வருகிறார்.

அதே டெக்சஸ், தெற்குக் கோடியில் சான் பெனிட்டோ. பால்டமார் ஹுவர்ட்டா என்ற மெக்சிகோ வம்சாவளிப் பையன் கிட்டார், ஆம்ப்ளிஃபையர் மேல் எழுதியிருந்த கம்பெனிப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டு ஃப்ரெடி ஃபெண்டர் ஆனார். ஓரளவு பெயர் எடுக்கிற நேரத்தில், 1960ல் கஞ்சா வழக்கில் லூசியானாவின் அங்கோலா சிறை. வெளியே வந்து மெக்கானிக் வேலையெல்லாம் பார்த்தார். ஹூஸ்டன் தயாரிப்பாளர் ஹியூயி மோ வற்புறுத்திப் பாடவைத்த 'பிஃபோர் தி நெக்ஸ்ட் டியர்டிராப் ஃபால்ஸ்' 1975ல் கண்ட்ரி, பாப் இரண்டிலும் முதலிடம். பாட்டின் ஒரு பகுதி முழுக்க ஸ்பானிஷ். டென்வருக்குத் தாள் எரிந்த அதே விழாவில் ஆண்டின் சிறந்த சிங்கிள் (தனிப்பாட்டு) விருது இந்தப் பாட்டுக்குத்தான். ஸ்பானிஷில் பாடினால் கண்ட்ரியா என்று அங்கே யாரும் லைட்டரை எடுக்கவில்லை. அழுகைக்குப் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள் போல.

முதலிடத்துக்கு வராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லோரெட்டா லின்னின் 'தி பில்'. கருத்தடை மாத்திரையைப் பற்றிய பாட்டு. வருடா வருடம் பிள்ளை பெற்று வீட்டில் கிடந்த மனைவி, இனி நானும் வெளியே கிளம்புகிறேன் என்று புருஷனிடம் சொல்கிறாள். 1972லேயே பதிவு செய்து, பயந்து வைத்திருந்து, 1975ல்தான் வெளியிட்டார்கள். பல வானொலி நிலையங்கள் போட மறுத்தன, போதகர்கள் பிரசங்கத்தில் திட்டினார்கள், அப்படியும் ஐந்தாம் இடம் வரை வந்தது. லோரெட்டா கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், சிறு வயதில் கல்யாணம், ஆறு குழந்தைகள். அவர் கண்ட்ரி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் திட்டியவர்களுக்குப் பெரிய சிக்கல். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ச் சுவர்களில் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வாசகமும் இருக்கும். நான் என் அம்மாவுக்கு நாலாவது.

டாலி பார்ட்டனின் 'தி பார்கெய்ன் ஸ்டோர்' பாட்டையும் சில நிலையங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு நிறுத்தின. அது முதலிடமே பிடித்தது. டாலி மேல் தீராத ஆசை வைத்து மெர்ல் ஹாகர்டு எழுதிய பாட்டும் அதே வருடம் முதலிடம். டாலி அசையவில்லை.

இனி என் தொழில் பாட்டு. 'கான்வாய்'. பாடியவர் பெயர் சி.டபிள்யூ. மெக்கால், ஆனால் அப்படி ஒரு ஆள் கிடையாது. ஒமாஹாவில் விளம்பரக் கம்பெனியில் இருந்த பில் ஃப்ரைஸ், ரொட்டி விளம்பரத்துக்காக உருவாக்கிய லாரி டிரைவர் பாத்திரம் அது. விளம்பரம் பிரபலமாகி, பாத்திரமே ரெக்கார்டு போட ஆரம்பித்துவிட்டது. அசல் கண்ட்ரியா என்று தேடினால் இதைவிடப் போலி கிடையாது. ஆனால் அதில் உள்ள விஷயம் எல்லாம் அச்சு அசல்.

1973ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. டீசலைச் சேமிக்க நாடு முழுக்க வேக வரம்பு மணிக்கு 55 மைல் என்று 1974 ஆரம்பத்தில் சட்டம் வந்தது. மைல் கணக்கில் கூலி வாங்குகிற டிரைவருக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி. டீசல் விலை வேறு ஏறிப்போனது. வேலைநிறுத்தம் செய்தார்கள், ரோட்டை மறித்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வண்டியில் இருந்த சிபி ரேடியோதான் துணை. எந்த வளைவில் போலீஸ் நிற்கிறான், எங்கே டீசல் கிடைக்கும், எல்லாம் அதில்தான். பாட்டிலும் அதுதான் நடக்கிறது. ரப்பர் டக் என்ற பட்டப்பெயர்க்காரன் முன்னால் போக, பன்றி லோடு ஏற்றியவன் பின்னால் வர, கலிஃபோர்னியாவிலிருந்து நியூஜெர்சி வரை லாரிகள் சேர்ந்துகொண்டே போகும். டிரைவிங் நேரத்தைக் குறித்துவைக்கும் லாக் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சுங்கச் சாவடியை இடித்துக்கொண்டு போவார்கள். டிசம்பரில் முதலிடத்துக்கு வந்து ஆறு வாரம் இறங்கவில்லை.

இன்றைக்கு ரப்பர் டக்கால் ஒன்றும் செய்ய முடியாது. 2017 கடைசியிலிருந்து எலக்ட்ரானிக் லாக் கட்டாயம். 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கணக்கைப் பார்த்து டிரைவரை நிறுத்துகிற ஆள் நான்தான் என்பதால் பாட்டை முழு மனதோடு ரசிக்க முடியவில்லை.

நாமக்கல்லில் இருக்கிற அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கிளீனராக ஆரம்பித்து சொந்த வண்டி வரைக்கும் வந்தவர். லாரிக்காரர்கள் பாட்டு என்று சொல்லியிருந்தேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "ஏன் கண்ணு, பேசிக்கிட்டே இருக்கறானே, பாட்டு எப்பத்தான் வரும்?"

இருந்தவர்கள் போனதும் அந்த வருடம்தான். வெஸ்டர்ன் ஸ்விங்கின் தலைவர் பாப் வில்ஸ் மே மாதம் ஃபோர்ட் வொர்த்தில் இறந்தார். பிடிலும் ஜாஸ் தாளமும் டிரம்மும் சேர்த்துக் கண்ட்ரியை ஆடவைத்தவர். வேலன் ஜென்னிங்ஸ் அவரைப் போற்றி எழுதிய பாட்டை, 'ஆர் யூ ஷ்யூர் ஹாங்க் டன் இட் திஸ் வே' ரெக்கார்டின் மறுபக்கத்தில் போட்டார். மினுக்குக் கல் வைத்த கோட்டும் புதுக் காரும் என்று நாம் போகிறோமே, ஹாங்க் வில்லியம்ஸ் இப்படித்தான் செய்தாரா என்று அந்தப் பாட்டில் கேட்கிறார். நவம்பரில் முதலிடம்.

அந்த ஹாங்கின் மகன் ஹாங்க் ஜூனியர் எட்டு வயதிலிருந்து மேடையில் அப்பா பாட்டைப் பாடி அப்பா நகலாகவே வளர்ந்தவன். 1975ல்தான் தன் சொந்த வழியில் ஒரு ஆல்பம் பதிவு செய்திருந்தான். ஆகஸ்ட் 8ஆம் தேதி மொன்டானா எல்லையில் மலை ஏறும்போது சுமார் 500 அடி விழுந்து முகமே சிதைந்துபோனது. பல அறுவை சிகிச்சை, பேச்சும் பாட்டும் திரும்பக் கற்றது, தழும்பை மறைக்கத் தாடியும் கறுப்புக் கண்ணாடியும். அதற்குப் பிறகு யாரும் அவரை அப்பா சாயல் என்று சொல்லவில்லை.

வேலன் கிண்டல் செய்த அந்த மினுக்குக் கல்லைப் பேரிலேயே வைத்துக்கொண்டு, அதே வருடம் க்ளென் கேம்பெலின் 'ரைன்ஸ்டோன் கவ்பாய்' இரண்டு பட்டியலிலும் முதலிடம். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. ட்ரம்பெட்டும் வயலினுமாக ஒரே ஆர்ப்பாட்டம். வீட்டுக்காரிக்கு இத்தனை பாட்டில் பிடித்தது அது ஒன்றுதான். வில்லி நெல்சன் தூங்குகிற மாதிரி பாடுகிறாராம். காரில் யார் ஓட்டுகிறாரோ அவர் பாட்டு என்று இப்போதைக்கு ஏற்பாடு.