311: அனுப்பவா, வேண்டாமா

அக்டோபர் 15, 2024, செவ்வாய்

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எழுதிய ஜிஆர்ஈ தேர்வின் மதிப்பெண் அதிகாரப்பூர்வமாக வந்துவிட்டது. கணிதம் 154, ஆங்கிலம் 157, எழுத்துக்கு 3.5. மொத்தம் 311. முதல் இரண்டையும் தேர்வு முடிந்ததுமே திரையில் பார்த்துவிட்டதால் அதிர்ச்சி எல்லாம் இல்லை, எழுத்து மட்டும் 4 வரும் என்று நினைத்திருந்தேன்.

மழை எச்சரிக்கையால் வீட்டிலிருந்தே வேலை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியிருக்கும் படம் எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. நான் மழைநீர் வடிகால் மாடலிங் வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்த சொந்தக்காரர்கள் காலையிலிருந்து "எங்க தெருவுல தண்ணி நிக்குமாம்மா" என்று போன் செய்கிறார்கள். வானிலை மையத்தையே என் வீட்டில் வைத்திருப்பது போல.

அக்டோபர் 19, சனி

அப்பா கட்டாயப்படுத்தியதால் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி "டோட்டல் எவ்ளோ?" 311 என்றதும் கணினியைத் தட்டி ஒரு பல்கலைக்கழகப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். என்ன துறை, என்ன வேலை பார்க்கிறேன், மாஸ்டர்ஸா பிஎச்டியா, எதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது "அரியர் இருந்துச்சா?" என்றார். எம்-3, மூன்றாவது கணிதப் பேப்பர், என்றேன். "ஓ" என்று பட்டியலில் மேலே இருந்த இரண்டு பெயரை அடித்துவிட்டார்.

அந்த "ஓ" மட்டும் நியாயமானது, அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

மறுபடி எழுதலாமா என்பதுதான் இந்த வாரம் முழுக்க ஓடிய கேள்வி. 21 நாள் இடைவெளி விட்டால் போதும், பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து முறை வரை எழுதலாம். டிசம்பர் 15 விண்ணப்பக் கெடுவுக்குள் மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் கட்டணம் இருபதாயிரத்துக்கு மேல், அந்தப் பணத்தில் இரண்டு மூன்று விண்ணப்பக் கட்டணம் கட்டிவிடலாம்.

பணத்தை விடுங்கள். பவர்ப்ரெப் இலவச மாதிரித் தேர்வுகளிலும் எனக்கு 153, 156 என்றுதான் வந்தது. அதாவது தேர்வன்று தலைவலியோ பதற்றமோ இல்லை, இது என் உண்மையான மதிப்பெண். வீட்டில் 164 வாங்கிக்கொண்டிருந்தவர் அங்கே போய் 154 வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி எழுதலாம். எனக்கு இன்னும் ஒரு மாதம் உழைத்தால் 158 வரலாம். 158ஐப் பார்த்து யார் மனசு மாறப்போகிறது? கணிதத்தில் 160 எடுத்தாலே ஏறத்தாழ பாதிப் பேரைத்தான் தாண்ட முடிகிறது. அதே 160 ஆங்கிலத்தில் எடுத்தால் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பின்னால் இருப்பார்கள். இந்த இரண்டையும் கூட்டி "டோட்டல்" சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சிவில் துறையில் விண்ணப்பத்தைப் படிப்பவர் கணிதத்தைத்தான் முதலில் பார்ப்பார். எழுதப் போவதில்லை என்று முடிவு.

நவம்பர் 2, சனி

தீபாவளி பட்சணம் இன்னும் தீரவில்லை. டெக்சாஸில் பிஎச்டி செய்யும் சீனியர் அக்கா இரவு போனில் நிறைய நேரம் பேசினார். நான் போட்டிருந்த பல்கலைக்கழகப் பட்டியலை எடுத்து மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்: ஜிஆர்ஈ கட்டாயம் கேட்கும் துறைகள், விருப்பமிருந்தால் அனுப்பு என்பவை, அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்பவை. மூன்றாவது வகையில் யோசிக்க எதுவும் இல்லை. சிக்கல் நடுவில் இருப்பதில்தான்.

"அனுப்பலன்னா மோசமா வாங்கியிருக்கேன்னு நினைச்சுக்க மாட்டாங்களாக்கா?"

"நினைக்கலாம். ஆனா நினைக்கிறது வேற, 154ன்னு கண்ணால பாக்கறது வேற. உன் ஃபைல்ல கணக்குக்கு வேற என்ன சாட்சி இருக்கு, அதைச் சொல்லு."

இங்கேதான் அந்த எம்-3 வந்து நிற்கிறது. ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்தப் பேப்பரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் செமஸ்டரில் ஆர்ஏ, அதாவது ஃபெயில், அடுத்த முறை எழுதி பி கிரேடு. தனியாகப் பார்த்தால் ஒரு அரியர், பரவாயில்லை. 154ம் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லும்: இந்தப் பெண்ணுக்குக் கணக்கு வராது. எம்-1லிருந்து எல்லாவற்றிலும் உச்சமான ஓ கிரேடு வாங்கிய ஒருத்திக்கு இதே 154 வந்திருந்தால் அது வெறும் ஒரு மோசமான சனிக்கிழமை. ஆகவே விருப்பம் என்று சொல்லும் இடங்களுக்கு அனுப்பப் போவதில்லை.

ஒன்றை மட்டும் அக்கா எச்சரித்தார். சில இடங்களில் துறை நம்மை எடுத்துக்கொண்டாலும், பல்கலைக்கழக அளவிலான ஃபெல்லோஷிப் உதவித்தொகைக்குப் பெயர் அனுப்பும்போது மற்ற துறை ஆட்களோடு ஒப்பிட எண் தேவைப்படலாமாம். சரி, அது கிடைக்காமல் போகட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். 2017 ஜனவரியில் ப்ளோஸ் ஒன் இதழில் இரண்டு கட்டுரைகள் வந்திருக்கின்றன, ஒன்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து, இன்னொன்று நார்த் கரோலினா பல்கலைக்கழகத்திலிருந்து. இரண்டிலும் உயிர்மருத்துவ பிஎச்டி மாணவர்களின் ஜிஆர்ஈயை வைத்து, யார் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதுவார்கள் என்பதைக் கணிக்க முடியவில்லை. நார்த் கரோலினா ஆய்வில் பரிந்துரைக் கடிதத்துக்குத்தான் தொடர்பு தெரிந்தது. அதன் பிறகு அமெரிக்காவில் உயிரியல் துறைகள் பல ஜிஆர்ஈயையே கைவிட்டன.

படித்ததும் ஒரே சந்தோஷம். சந்தோஷம் வந்ததும் சந்தேகமும் வந்தது. அந்த ஆய்வுகளில் இருப்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சீட்டு கிடைத்து உள்ளே போனவர்கள், கிடைக்காதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று அதில் தெரியாது. அதற்கு முன்னால் 2001ல் 82,659 மாணவர்களின் தரவைத் திரட்டிய ஒரு பெரிய தொகுப்பாய்வு இதற்கு நேர்மாறாக, மேற்படிப்பு மதிப்பெண்ணை ஜிஆர்ஈ ஓரளவு கணிக்கிறது என்கிறது. ஆக, எனக்குப் பிடித்த கட்டுரையை மட்டும் நம்பிக்கொண்டு தூங்க முடியாது. தேர்வு நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே கட்-ஆஃபை மட்டும் வைத்து யாரையும் நிராகரிக்காதீர்கள் என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதி வைத்திருக்கிறது, அதுதான் இதில் எனக்கு உருப்படியாகப் பட்டது.

நவம்பர் 16, சனி

பரிந்துரைக் கடிதம் கேட்க, கல்லூரியில் ஹைட்ராலிக்ஸ் எடுத்த சாரைப் பார்க்கப் போனேன். எதிர்பார்த்தபடியே, "நீயே ஒரு டிராஃப்ட் எழுதிட்டு வாம்மா, பாத்துட்டு போட்டுடறேன்" என்றார். எல்லோருக்கும் இதே பதில்தான், அதனால்தான் நம் ஊர்க் கடிதங்கள் எல்லாம் "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்று ஒரே குரலில் பேசுகின்றன.

இந்த முறை நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். கடிதத்தை அவரே எழுத வேண்டும், வேண்டிய விவரத்தை நான் தருகிறேன் என்று மடிக்கணினியைத் திறந்து ஆபீஸ் மாடலைக் காட்டினேன். ஸ்வம் என்கிற அந்த மென்பொருள் குழாய்க்குள் தண்ணீர் போவதைக் கணக்கிட செயின்ட்-வெனான்ட் சமன்பாடுகளைத் தீர்க்கிறது. அவை பார்ஷியல் டிஃபரன்ஷியல் சமன்பாடுகள், நான் அரியர் வைத்த அதே வகை. மாடல் நிலையில்லாமல் எகிறும்போது கால இடைவெளியை ஏன் குறைக்க வேண்டும், எந்தக் குழாய் காரணம் என்று சாருக்கு விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிறையக் கேள்வி கேட்டார், ஒன்றிரண்டுக்குத் திணறினேன். கடைசியில் "எம்-3ல யாரு உனக்கு எடுத்தாங்க?" என்றார். சொன்னேன். பதில் பேசாமல் சிரித்தார். கடிதம் அவரே எழுதுகிறாராம்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையமே மூடியிருக்கிறது, மேடவாக்கத்தில் கரண்ட் இல்லை, விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்கக் கட்டுரையை, எஸ்ஓபியை, நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரைவில் மதிப்பெண் குறைந்ததற்கு ஒரு பத்தி விளக்கம் இருந்தது. அடித்துவிட்டேன். வேலை, நேரமில்லை, உடம்பு சரியில்லை என்று எதை எழுதினாலும் விடுப்பு விண்ணப்பம் மாதிரியே இருக்கிறது, தவிர ஜிஆர்ஈயைக் கவனிக்காமல் போயிருக்கக்கூடியவரையும் நானே கூப்பிட்டுக் காட்டுவதாக ஆகும். அந்த இடத்தில் செயின்ட்-வெனான்ட் மாடல் வந்துவிட்டது. அரியரைப் பற்றி மட்டும், கூடுதல் தகவல் என்று தனிப் பெட்டி கொடுக்கும் விண்ணப்பங்களில், இரண்டே வரி: தோற்றேன், அடுத்த முறை எழுதித் தேறினேன், இப்போது அந்தக் கணக்கை எதற்குப் பயன்படுத்துகிறேன்.

டிசம்பர் 14, சனி

மிட்வெஸ்ட் பல்கலைக்கழகம் ஒன்றைத் தவிர மற்றவை போய்விட்டன. அந்த ஒன்றுதான் ஜிஆர்ஈயைக் கட்டாயம் கேட்பது. பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஆனால் நகர்ப்புற வெள்ளத்தைப் பற்றி எனக்குப் பிடித்த வேலையைச் செய்யும் பேராசிரியர் அங்கேதான் இருக்கிறார், என் மின்னஞ்சலுக்கு "விண்ணப்பியுங்கள்" என்று ஒரு வரி பதிலும் போட்டிருந்தார், அது எல்லோருக்கும் போடும் வரியாகவே இருக்கலாம். 154 அவர் கண்ணில் படுவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் வடிகட்டினால் கதை முடிந்தது. வடிகட்டாவிட்டால் சாரின் கடிதத்தையும் மாடலையும் படிப்பார். விண்ணப்பக் கட்டணத்தைப் பணயம் வைக்க இது போதும் என்று தோன்றியது.

மதிப்பெண்ணை அனுப்பச் சொல்லி ஈடிஎஸ் தளத்தில் போட்டாயிற்று. அப்பாவின் கார்டுக்கு ஓடிபி வர மறுக்கிறது, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி முடக்கி வைத்திருக்கிறதாம், நாளை காலை அவர் ஆப்பில் அதைத் திறந்துவிட்டதும் விண்ணப்பக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். கெடுவும் நாளைதான்.